நாற்பது அடி

திருச்செங்கோட்டு ரிக் வண்டி எங்களுடையது.
ஆயிரத்து நானூறு அடி வரை ராடு இறக்கியிருக்கிறேன்,
ராஜஸ்தானில், சத்தீஸ்கரில்,
பேர் வாயில் நுழையாத ஊர்களில்.
மேலே வரும் தூசியின் நிறம் பார்த்து
இன்னும் எத்தனை அடியென்று சொல்வேன்.
பாதி தடவை சரியாக இருக்கும்.

அண்ணன் கிடப்பது நாற்பது அடியில்.
மிஞ்சினால் ஐம்பது என்றார்
தகவல் கொண்டுவந்த சுபேதார்.
பனியாறு நகரும், அதனால்
இன்ன இடமென்று குறிக்க முடியாது என்றும் சொன்னார்.
அப்பா அதைக் காதில் வாங்கவில்லை.
"நாப்பது அடிங்களா?
என்ற சின்னப் பையன் அரை மணி நேரத்துல போட்டுருவானுங்க."
சுபேதார் பாலக்காட்டுப் பக்கம், தமிழ் தெரிந்தவர்.
தெரியாதவர் போலத்
தொப்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வந்தது ட்ரங்குப் பெட்டி மட்டும்.
கம்பளி இரண்டு, சவர செட்,
அண்ணிக்கு எழுதி முடிக்காத இன்லேண்டு கடிதம்.
அவன் சம்பளத்தில், எங்கள் காட்டில்,
அந்தத் தையில்தான் போர் போட்டிருந்தேன்,
அறுநூற்று இருபது அடி.
கடிதத்தின் கடைசி வரி:
தண்ணி எப்படி, நல்ல தண்ணியா உப்பா
கேள்விக்குறி வைக்கக்கூட நேரமில்லை.

மாசியில் எங்கள் ஊரில் படுகளம்.
உடுக்கை முறுகி ஏறும்போது
ஆண்கள் வெட்டுண்டவர்களாய்ச் சாய்வார்கள்.
வெள்ளை வேட்டி போட்டு மூடுவார்கள்.
விடியுமுன் தீர்த்தம் தெளித்தால்
ஒவ்வொருவராய் எழுவார்கள்.
லீவில் வந்த வருசம் அண்ணனும் விழுந்தான்.
எழுந்ததும் கேட்டது,
"மணி என்னாச்சு, ஈரோட்டுல ஏழரைக்கு ரயிலு."

அவன் போன மறு வருசம் நான் விழுந்தேன்.
மூன்று தரம் தெளித்தும் எழவில்லை.
வேட்டிக்கடியில் மல்லாந்து
நாற்பது அடி எவ்வளவு கனக்குமென்று
பார்த்துக்கொண்டிருந்தேன்.
பூசாரி குனிந்து காதோரம் சொன்னார்:
"எந்திரி மாப்ள,
மத்தவங்க குளுருல கெடக்கறாங்க."

ஆடியில் போர் வேலை மந்தம்.
ஆடி பிறந்ததும் கிளம்பிவிடுவேன், பதினோரு வருசமாய்.
ரயில், ஜம்மு, லே,
அப்புறம் மூச்சு முட்டும் கணவாய்,
அப்புறம் மணல், அப்புறம் முகாம்.
அண்ணி இரண்டு தடவை வந்தாள்.
இப்போது பள்ளிபாளையம் மில்லில் லீவு கிடைப்பதில்லை.
அவள் பங்குக்கு ஒரு லிட்டர் பாட்டில் வரும்,
காட்டுப் போர் தண்ணி,
மூடியைச் சுற்றி செலோ டேப்.
"பனி மலைக்குத் தண்ணியா?"
வருசா வருசம் வேறொரு சிப்பாய் கேட்கிறான்.
எல்லோருக்கும் இப்போதுதான் மீசை முளைத்திருக்கிறது.
அண்ணனுக்கு இருபத்தெட்டு.
எனக்கு முப்பத்தேழு.

நினைவுக் கல்லில் இடம் போதாமல்
அர்த்த என்று ஒரு வரி,
நாரி என்று அடுத்த வரி.
பியூகிள் ஓய்ந்து
துப்பாக்கிகளைத் தலைகீழாய்ப் பிடித்து நிற்கையில்
பின்னால் பனி உருகி ஓடுவது கேட்கும்.
கர்னல் ஒருவர் சொல்லியிருக்கிறார்,
அதுவே ஒருநாள் கொண்டுவந்து விட்டுவிடுமாம்.
அறுபது வருசமோ, எழுபதோ.
முகம் மாறியிருக்காதாம்.
தோண்டாமல் காத்திருக்கிற வேலை
எனக்குப் பழக்கமில்லை.

இந்த வருசம் பக்கத்துப் பெயருக்கு
கார்வாலிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தாள்.
கல்லுக்கு ஊற்ற மூடி திறந்தேன்.
தீர்த்தமென்று நினைத்து உள்ளங்கை நீட்டினாள்.
வார்த்தேன்.
குடித்தாள், மீதியைத் தலையில் தடவினாள்,
அப்புறம் நாக்கைச் சப்புக்கொட்டித்
தன் பாஷையில் ஒரு சொல் சொன்னாள்:
நமக்.

கல்லைப் பார்த்து நான் தமிழில் சொன்னேன்:
கொஞ்சம் உப்புதான் அண்ணா.
மஞ்சளுக்கு ஆகாது.
தென்னை வெச்சிருக்கறோம்.